ஏற்காட்டில் ஒரு லைனைக் கழற்றிய நாள்

ஏற்காட்டுக்கு நான் முதலில் போனது ஊர் சுற்ற அல்ல, வேலைக்கு. 1993 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சேலத்தில் தனியார் டெலிபோன் இணைப்பகங்களைப் பராமரிக்கும் சின்னக் கம்பெனியில் நான் மெக்கானிக். அங்கே இருந்த ஒரே பெண்ணும் நான்தான். வாழவந்திப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டிலிருந்து வெளியூருக்குப் பேசவே முடியவில்லை என்று புகார் வந்திருந்தது.

காலை 6.40க்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் ஆறு ரூபாய். முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒன்றரை மணி நேரம். (வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள்.) ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் எஸ்டேட் ஜீப் நின்றது.

"ஏனுங்க, மிசின் பாக்க வர்றவரு எங்கீங்க?" என்றார் டிரைவர்.

"நாந்தானுங்க."

எனக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, டூல் பையை வாங்கி வைத்தார். எஸ்டேட் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம்.

ஆபீஸில் மேனேஜர் ஒரு நீளத் தாளோடு காத்திருந்தார். எஸ்டேட்டில் எந்தப் போனிலிருந்தும் ஒன்பதைப் போட்டால், நான்கு வெளி லைன்களில் சும்மா இருக்கும் ஒன்றை மிசின் எடுத்துக் கொடுக்கும். எந்த லைனில் எத்தனை போன் கால் என்று தாளில் அச்சடித்தும் வைக்கும்.

"மத்த லைன்ல நாப்பது, அம்பது. மூணாவதுல மட்டும் இருநூத்திப் பத்து. ஆபரேட்டர் பொண்ணு அதுல சொந்தக் கதை பேசிட்டே ஒக்காந்திருக்குது. நாளையிலிருந்து வர வேண்டாம்னுட்டேன்" என்றார்.

ஆபரேட்டர் பிலோமினா டெலிபோன் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். "நான் பேசலீங்க. நேத்து எஸ்டேட்டுல வேல பாக்கற ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் போட்டுப் பாத்துட்டு, கடைசில ஜீப்புலதான் கொண்டு போனோமுங்க."

தாளில் அடுத்த பத்தியில் இருந்த நேரக் கணக்கைப் பார்த்தேன். மற்ற லைன்களில் ஒவ்வொரு காலும் மூன்று, நான்கு நிமிடம். மூன்றாவதில் ஆறு வினாடி, ஐந்து வினாடி, ஏழு வினாடி.

"சார், இதுல யாருமே பேசலீங்க. இந்த லைன் செத்துக் கெடக்குது. இது கெடைச்சவங்க சத்தம் வரலேன்னு வெச்சர்றாங்க. மத்த மூணுலயும் ஆள் பேசிட்டிருக்க, இது ஒடனே காலியாயிருது. மிசின் அடுத்த ஆளையும் இதுக்கே தள்ளுது. அதான் எண்ணிக்கை ஏறுது."

"அப்ப புதுசா ஒரு லைன் போடணுமா?"

"இல்லீங்க. இதக் கழட்டணும்."

"நாலுலயே போக மாட்டேங்குது. மூணுல எப்படிம்மா போகும்?"

தப்பாகப் போனால் பிலோமினாவோடு என் வேலையும் போகும். இருந்தாலும் 11.20க்கு மூன்றாவது லைனைக் கழற்றினேன். பிலோமினா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். முதல் தடவையே கிடைத்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "பொம்பளப் புள்ளையாமுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்."

அடுத்த ஒரு மணி நேரத்தில் பதினெட்டு போன் கால். பதினெட்டும் போயின. எஸ்டேட் கம்பத்துப் பெட்டிக்குள் மழைத் தண்ணீர் இறங்கி அந்த லைன் அரித்துப் போயிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தேன்.

மேனேஜர் தாளை மடித்துவிட்டுப் பிலோமினாவைப் பார்த்தார். "நாளைக்கு வழக்கம்போல வந்துரும்மா."

"வர்றனுங்க. நான் பேசலேன்னு கணக்கு எழுதற ரைட்டர்கிட்டயும் சொல்லிருங்க. அவரு முன்னாடிதான் திட்டுனீங்க."

அவர் ரைட்டரைக் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் எதிரிலேயே.

ஜூலையில் போகிறவர்கள் ஸ்வெட்டரும் குடையும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கியதுமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலையாகப் போகிறவர்கள், இன்று கம்ப்யூட்டர் சர்வர்களின் கணக்கைப் படிக்கிறவர்கள் உட்பட, எத்தனை என்று பார்த்ததோடு நிறுத்தாமல், எவ்வளவு நேரம் என்றும் பாருங்கள்.

அன்றைய ரிப்போர்ட்டில் "ஒரு லைன் குறைக்கப்பட்டது. எல்லாக் காலும் போகின்றன" என்று மட்டும் எழுதி, கீழே என் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.