கதையில்லாத ஆட்டத்துக்கு மூணு ஊரு

நாடகக் கம்பெனியில ஆடிப் பொழைக்குதவனுக்கு ரெண்டே பயம்: ஜனம் கல்லெறிஞ்சுருமோன்னு ஒண்ணு, எறியாமலே எந்திரிச்சுப் போயிருமோன்னு ஒண்ணு. உங்கள்ல அரிதாரம் பூசி அடிபட்டவுக யாராவது இருந்தா, பைய நவுந்து எம்பக்கத்துல வந்து உக்காருங்க.

துணிதான் ஆட்டம்

பாளையங்கோட்டையில கூடாரம் போட்டு பயாஸ்கோப்பு காட்டுனாங்க. அதுல ஒரு வெள்ளைக்காரி, குச்சியில கோத்த அகலத் துணியைச் சுத்திச் சுத்தி வீசுதா. பாட்டு இல்ல, கதை இல்ல. துணி பூவாகுது, தீயாகுது. அம்புட்டுதான், எம் படிப்பு முடிஞ்சுது. நான் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் மகன். குமாஸ்தா உத்தியோகம் எனக்காக வாயைத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்குள்ள விழாம ஓடியாந்து கம்பெனியில சேந்துட்டேன்.

இருபது முழம் மல்லுத்துணி, ரெண்டு மூங்கில் குச்சி. விளக்குக்காரரு காதர் பாய், கியாஸ் லைட்டு முன்னால சிவப்புக் கண்ணாடியும் நீலக் கண்ணாடியும் மாத்தி மாத்திப் பிடிப்பாரு. நாடகத்துக்கு நடுவுல எனக்கு அஞ்சு நிமிஷம். ஒத்திகையைப் பாத்த மொதலாளி அண்ணாச்சி தாடையைச் சொறிஞ்சாரு.

"மூணு ஊரு தாரேம்லே. ஒரு ஊர்லயாவது ஜனம் ஒன்ஸ்மோர் கேக்கணும். இல்லன்னா அந்தத் துணியில நாலு வேட்டியைக் கிழிச்சுக்கிட்டு, உன்னை ஒங்கப்பன்கிட்ட ஒப்படைச்சிருவேன்."

ஸ்ரீவைகுண்டம்

ஆடி முடிச்சுக் கும்பிட்டு நின்னேன். கைதட்டும் இல்ல, கல்லும் இல்ல. காதர் பாய்க்கு என்ன செய்யன்னு தெரியல, சும்மா நீலத்தை ஒருக்க மாத்துனாரு. நான் இன்னொரு கும்பிடு போட்டேன்.

முன்வரிசையில ஒரு சம்சாரி. வயல்லயிருந்து நேரா வந்திருப்பாரு போல, கெண்டைக்கால்ல சேறு காயல. எம்மேல எரக்கப்பட்டுச் சொன்னாரு: "துணியெல்லாம் ஒதறி முடிச்சாச்சுல்லா தம்பி? இனி ஆட்டத்தை ஆரம்பிக்க வேண்டியதுதான?"

சாத்தான்குளம்

இங்கன காத்து எனக்கு முன்னாலயே மேடையேறிட்டு. நான் துணியை ஒரு பக்கம் வீசுனா, அது மறுபக்கம் வீசுது. ரெண்டு சுத்து சுத்துனதும் துணி என்னையத் தலையிலருந்து கால்வரைக்கும் பொட்டலமாக் கட்டிப் போட்டுட்டு. தொபுக்கடீர்னு விழுந்தேன். மூச்சு முட்ட உருண்டு பொரண்டு, ஒரு கையை வெளிய நீட்டி, தட்டுத்தடுமாறி எந்திரிச்சா, கைதட்டுன்னா கைதட்டு! ரெண்டு பொம்பளையாளு கண்ணைத் தொடைக்காங்க. செயிச்சாச்சுன்னு நெனச்சேன்.

ஆனா ஒருத்தரும் ஒன்ஸ்மோர் கேக்கல. ஏன்னு அந்த ஊரு வேதக்கோயில் உபதேசியார் வந்து எங்கையைப் பிடிச்சப்பதான் வெளங்குச்சு. செத்துப் பொழைச்சவனை மறுபடியும் சாகச் சொல்ல யாருக்கு மனசு வரும்? உபதேசியார் சொன்னது இதுதான்:

"லாசரு கல்லறையிலருந்து எந்திரிச்சது ரொம்ப உருக்கம் தம்பி. ஆனா எழுப்புன ஆண்டவரை எங்கனயும் காணோமே?"

புன்னக்காயல்

கடைசி ஊரு. சாயங்காலமே பெட்டியைக் கட்டிட்டேன். அண்ணாச்சி கண்ணாலயே துணியை வேட்டி வேட்டியா அளந்துக்கிட்டிருந்தாரு. மீன்பிடிக்குத ஊரு, மணல்ல சனம் நெருக்கியடிச்சு இருக்கு. பாதி ஆட்டத்துல ஒருத்தன் எந்திரிச்சுக் கத்துதான்:

"ஏலே, மணிக்கட்டை ஒடிக்காத! இடுப்புலருந்து வீசு!"

"நீரு உக்காரும்வே! பய சரியாத்தான் வீசுதான். எடது கையைத்தான் முந்தி விடுதான்!"

"நீரு வலை வீசுன லெச்சணம் தெரியாதாக்கும்?"

அப்பந்தான் எனக்கு உறைச்சுது. மொத்த ஊரும் வீச்சுவலை வீசுத ஊரு. ரெண்டு ஊர்ல வெளங்காத ஆட்டத்துல இங்க குத்தம் கண்டுபிடிக்காங்க! வந்த கோவத்துல இடுப்பை ஒடிச்சு ஒரு வீசு வீசுனேன். துணி அந்தரத்துல முழு வட்டமா விரிஞ்சு அப்படியே நின்னுச்சு. காதர் பாய் சரியா அந்நேரம் நீலத்தைப் போட்டாரு. மணல்ல இருந்த சனம் பூரா எந்திரிச்சுட்டு. "இன்னொருக்க! இன்னொருக்க வீசுலே!"

ராசா வேசக்காரரு கிரீடத்தோட திரைக்குப் பின்னால நின்னு, என் சீன் எப்பம்னு மொனங்குனாரு. அண்ணாச்சி திரும்பிக்கூடப் பாக்கல: "செத்த உக்காரும்வே ராசா. ஊரே வலையில கெடக்கு."

ஊரு கேக்கக் கேக்க நாலு மட்டம் வீசுனேன். எறங்கி வரயில, இடுப்புல பிள்ளையோட நின்ன ஒரு அக்கா சொல்லுதா: "ஒரு குஞ்சுமீனுகூட விழல. ஆனாலும் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கே!"

குமாஸ்தாவாப் போயிருந்தா எவனோ எழுதுனதைத் திருப்பித் திருப்பி எழுதிக் கெடந்திருப்பேன், இப்பம் ஒரு ஊரே என்னைத் திருப்பிச் செய்யச் சொல்லுது, கைவலி என்னமோ ரெண்டுக்கும் ஒண்ணுதான்.