அண்ணன் காருக்கும் ஒரு மோட்டார்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணன் கடைசியாக லீவில் வந்தபோது, அவன் பெட்டியில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது ஒரு பொம்மைக் கார்ப் பாதை. யாரோ ஓட்டிச் சலித்து விற்றது. கறுப்புப் பாதையில் இரண்டு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு கார். கையிலிருக்கும் சுவிட்சை அழுத்த அழுத்த வேகம் ஏறும். ரொம்ப அழுத்தினால் வளைவில் தெறித்து விழும். ஸ்லாட் கார் என்று பெயர். பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் அதை விரித்துப் போட்டு, நரை விழுந்த நாங்கள் இருவரும் சோறு தண்ணி மறந்து ஓட்டினோம். ஒரு தடவைகூட நான் ஜெயிக்கவில்லை. நல்ல காரை அவன் எடுத்துக்கொண்டான், அதுதான் காரணம். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஆனித் தேருக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். அதற்குள் என் காருக்கு ஒரு பேய் மோட்டார் செய்து அவன் மூக்கை உடைப்பது என்று முடிவு செய்தேன். புது மோட்டாரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலையைக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு மயக்கம் வரும். அதனால் இருந்ததையே பிரித்தேன். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியை உருவிவிட்டு, தடித்த கம்பியைக் குறைவாகச் சுற்றினால் வேகம் கூடும். கம்பிக்கு, மிக்சி மோட்டார் கட்டும் கடைக்குப் போனேன். டீச்சருக்கு இது எதுக்கு என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த என்று புளுகினேன். மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்.

முதலில் சுற்றியது ஓடவில்லை, வெடவெடவென்று நடுங்கியது. உள்ளே கம்பி சுற்ற மூன்று கிளைகள் உண்டு. ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தேன். பிரித்து மறுபடி சுற்றி, கம்பி விலகாமல் பசை வைத்தேன். பிறகு இரண்டு பிளேடு விளிம்புகளின் மேல் கம்பி சுற்றிய அச்சைக் கிடத்தி, கனத்துக் கீழே சாய்ந்த பக்கத்தை அரத்தால் ராவினேன். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும்வரை ராவினேன். மாட்டி ஓட்டியபோது குளவி மாதிரி சத்தம் வந்தது.

தேர் ஓடி நிலைக்கு வந்துவிட்டது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவன் மேலா அவன் முதலாளி மேலா என்றுதான் தெரியவில்லை. வீடியோ காலில் கூப்பிட்டு, போனைச் சுவரில் சாய்த்து வைத்து ஓட்டிக் காட்டினேன்.

“ஏட்டி, பைய விடு. வளைவுல தூக்கி எறிஞ்சிரும்,” என்றான்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை ஏட்டி என்று கூப்பிட அவன் ஒருத்தன்தான் இருக்கிறான். மற்றவர்களுக்கு நான் டீச்சர், மதினி, அத்தை. கேட்டதும் கை தன்னால் அழுத்திவிட்டது. கார் பறந்து கட்டிலுக்கு அடியில் விழுந்தது. சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

“என் காருக்கும் ஒண்ணு சுத்தி வைட்டி. சமமா ஓடணும்லா.”

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

சுற்றி வைத்துவிட்டேன். கை பழகியிருந்ததால் இரண்டாவது இன்னும் நன்றாக அமைந்துவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு சுவிட்சைப் பிடித்து நானே ஓட்டிப் பார்த்தேன். அவன் கார்தான் முந்துகிறது. மோட்டாரை மாற்றிப் போட்டுக்கொள்ளேன் என்கிறாள் என் மகள். ஒரு நிமிஷ வேலைதான். மாற்றவில்லை. வந்து ஜெயித்துவிட்டுப் போகட்டும், வந்தால் போதும்.