வயிறு மட்டும்தாங்க

எங்கள் வீட்டில் வயிற்று வலிக்கு நான்தான் அதிகாரி. இருபத்தைந்து வருஷம் அல்சரோடு குடித்தனம் நடத்தியவன். எந்த வலி பசியால் வருவது, எது புளிக்குழம்பால் வருவது, எது வாயு, எது பித்தம் என்று, தெருவில் யார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் சொல்லிவிடுவேன். ஒருமுறை எனக்கே வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுத்தது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே பித்தப்பையில் கல் என்று சொன்னேன். கல்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் திமிர் கூடிவிட்டது.

இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. என் மனைவியை யாராவது ஒன்று கேட்டால் பதில் என் வாயிலிருந்துதான் வரும். கல்யாண வீட்டில் ஒரு அம்மாள் அவளிடம், "புடவை எங்க எடுத்தீங்க?" என்று கேட்டால், நான் குறுக்கே புகுந்து, "கும்பகோணத்துல" என்பேன். பள்ளிக்கூடத்தில் கேள்வியும் கேட்டு, பையன்கள் முழிப்பதைப் பொறுக்காமல் பதிலும் சொல்லிப் பழகிய வாய். ஓய்வு பெற்ற பிறகும் அது ஓயவில்லை. அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "சரியான முந்திரிக்கொட்டை" என்று சிரிப்பாள். நானும் அதை ஏதோ பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர். அந்தத் தை மாதம் சம்பா அறுத்துக் களத்தில் கொட்டிய மறுநாளே மழை. தை மாதத்தில் யார் கேட்டார்கள் மழையை? கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஈரம் ஜாஸ்தி சார், காய வச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி? ஊரே தார் ரோட்டில் நெல்லைப் பரப்பியது. நாங்களும் பரப்பினோம்.

பரப்பினால் மட்டும் போதாது. மணிக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். சாயங்காலம் பலகையால் இழுத்துக் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். எனக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருக்கிறது. ஆளுக்குப் பாதி என்று பேச்சு. நடந்தது என்னவோ அவளுக்கு முக்கால், எனக்குக் கால். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஆடு விரட்டிக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பலகையைப் போட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "மேல்வயிறு எரியுதுங்க. என்னமோ அடைச்சிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

"காலையில வெறும் வயித்துல மோர்மிளகாயைக் கடிச்சியே, பின்ன எரியாம என்ன செய்யும்?" என்று சொல்லி, என்னுடைய ரோஸ் நிற மருந்தில் இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஏப்பம் விட்டாள். "பாத்தியா? கேஸ்!" என்றேன். நான் ஜெயித்துவிட்டேன். அட பாவி!

மறுநாளும் எரிந்தது. அதற்கடுத்த நாள் சோறு வேண்டாம் என்றாள். தை மாதக் குளிரில் அவள் ரவிக்கை முதுகு வியர்த்து நனைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்கு லேசாகப் பயம் வந்தது. ஸ்கூட்டரில் உட்காரவைத்து நீடாமங்கலத்தில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். வழக்கம்போல ரயில்வே கேட் மூடியிருந்தது. என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மடியில் பையை வைத்து, அதன்மேல் இடது கையைக் கிடத்தியிருந்தாள். அந்தக் கை அப்படியே அசையாமல் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, கேட் போட்டவனைத் திட்டினேன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகத்தான் கேட்டது. என் மனைவியைப் பார்த்து, "சொல்லுங்கம்மா, என்ன செய்யுது?" என்றது.

"மேல்வயிறு எரிச்சல்ங்க, மூணு நாளா. கேஸ்தான்" என்றேன் நான்.

"சாப்பிடறீங்களாம்மா?"

"நேத்து ரெண்டு இட்லி. இன்னிக்கு ஒண்ணுமில்ல. சுகர் இருக்கு, மாத்திரை போடறா" என்றேன் நான்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடியும் அவளிடமே திரும்பியது. "வேற எங்கயாவது வலி இருக்காம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். வலது கை மெதுவாக எழுந்து இடது தோளுக்குப் போனது.

"வேற எங்கயும் இல்லைங்க, வயிறு மட்டும்தாங்க" என்றேன்.

தோளுக்குப் போன கை முந்தானையைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது. முந்தானைக்காகத்தான் கை போனது என்று நினைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். டாக்டர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்த பதிலுக்கு மருந்து எழுதியது. "குறையலன்னா உடனே வாங்க" என்று சொல்லித்தான் அனுப்பியது.

மறுநாள் காலையில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "தேவலாங்க" என்றாள். அன்றைக்குக் கொள்முதல் நிலையத்தில் எங்கள் முறை. நெல் காய்ந்திருந்தது, வண்டி வந்திருந்தது. "நீங்க போங்க, விட்டா இன்னும் நாலு நாள் ஆகும்" என்று அவளே துரத்தினாள். போனேன். மூட்டைகளில் பாதி எடை போட்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் போன் செய்தார்கள். "சார், டீச்சரம்மா கொல்லைக் கதவுகிட்ட விழுந்து கெடக்காங்க" என்றார்கள். அவள் டீச்சர் இல்லை, வாத்தியார் பெண்டாட்டி. ஊர் அப்படித்தான் கூப்பிடும். நான் வந்து சேர்வதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

"மாரடைப்பா? அவளுக்கு நெஞ்சு வலியே கிடையாதே! வயிறுதானே வலிச்சுது?" என்று அங்கேயும் நான்தான் கத்தினேன்.

காரியம் முடிந்த மறுநாள். ஓசூரிலிருந்து வந்திருந்த என் மகள் அவள் அம்மாவின் பீரோவை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தாள். புடவைகளுக்கு நடுவில் ஒரு வலித் தைலப் புட்டி இருந்தது. முக்கால் காலி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கை வலி போச்சான்னு கேக்கணும்னு நெனச்சேன்ப்பா. புள்ளைக்கு அம்மை போட்டிருந்ததுல மறந்துட்டேன்."

"எந்தக் கை வலி?"

"எடது கைதான். தோள்லேர்ந்து முழங்கை வரைக்கும் குடையுதுன்னாங்க. நெல்லு இழுத்ததுல நரம்பு பிடிச்சிருக்கும், தைலம் தேய்ங்கம்மான்னு நான்தான் சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே ரோட்டில், நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குத் தெரியாது.

"அப்பாகிட்ட சொல்லிடாதேன்னாங்க. சொன்னா பூரா நெல்லையும் நீங்களே இழுப்பீங்களாம், உங்க இடுப்பு போயிடுமாம்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "ஏம்ப்பா, வயித்து வலின்னு ஆஸ்பத்திரியில சொன்னீங்களாமே, அது எப்பலேர்ந்து? எங்கிட்ட வயித்தைப் பத்தி அம்மா ஒரு வார்த்தை சொல்லலியே."

ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வயிற்று வலி, சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டால், அம்மை போட்ட பிள்ளையை விட்டுவிட்டு இவள் பஸ் ஏறிவிடுவாள். கை வலி என்றால் தைலத்தோடு போயிற்று. வயிற்றை எனக்கும் கையை மகளுக்கும் என்று வலியைப் பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறாள் மகராசி. ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு மருந்து சொன்னோம். இரண்டும் ஒரே வலி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அந்த டாக்டர். அந்தப் பெண் கேட்கவும் செய்தது.

இதை மகளிடம் மறைத்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பெருமைக்குச் சொல்லவில்லை, மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் அவள் அந்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டு, "நான் தைலம் தேய்க்கச் சொல்லிக் கொன்னுட்டேனேப்பா" என்று அழுதாள். அதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? கிளினிக்கில் நடந்ததைச் சொன்னேன். கை தோளுக்குப் போனதையும் சொன்னேன்.

மகள் அந்தப் புட்டியின் மூடியை இறுக்கி மூடினாள். பிறகு, "அம்மாவை ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம்லப்பா" என்றாள். அதட்டவில்லை, சபிக்கவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லையே!

ஆடி மாதம் என் அல்சர் மறுபடி தலைதூக்கியது. மகள் வந்து அதே கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். அதே பெஞ்சு, அதே டாக்டர். அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முகம்! "சொல்லுங்க சார், எங்க வலிக்குது?" என்றது.

"அப்பாவுக்கு ரெண்டு வாரமா..." என்று என் மகள் ஆரம்பித்தாள். அவளும் என் வாயைத்தான் கொண்டு பிறந்திருக்கிறாள். ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, என் முழங்காலில் கையை வைத்து, "நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள்.

டாக்டர் காத்திருந்தது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.