கார் டாப்பும் என் கடைப் பெயரும்

ஆஸ்டின் டவுனில் லாரி திரும்பாத சந்துக்குள் இரும்புப் படிக்கட்டு கொண்டுபோய் நிறுத்தியவன் நான். கிரேன் வரமுடியாத மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு போட்டவன் நான். ஒரு சர்ச்சுக்கு கேட்டு, ஒரு மாரியம்மன் கோயிலுக்கு மணி தொங்கும் சட்டம். மல்லேஸ்வரம் மார்க்கெட் பக்கம் எத்தனை கடைகளுக்கு ரோலிங் ஷட்டர் மாட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்த வேலை இவ்வளவும். இப்போது நாங்கள் இருக்கும் தொம்மலூர் வீடும் நான் கட்டியதுதான். அதன் கீழே கார் நிற்கும் இடத்தில், சீலிங்கில் தொங்குகிற சாமானும் நான் செய்ததுதான். ஆனால் அந்தக் கடைசி ஒன்றுக்கு வேறொருவர் பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறார். என் மாப்பிள்ளை!

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. பழைய வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். இரண்டே பேர் உட்காரலாம். அதன் மேல்மூடி, அதாவது டாப்பு, தனியாகக் கழன்று வரும். வெயில் நாளில் கழற்றிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம், மழை வந்தால் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தூக்க ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, இவர் தலையைப் பார்த்தாலே பக்கத்து வீட்டார் கதவைச் சாத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறகு ஆன்லைனில் ஏதோ வரவழைத்து மாட்டினார். மூலைக்கு ஒரு கயிறு, மூலைக்கு ஒரு கப்பி. ஒரு கயிறு முந்தி ஏறியது, இன்னொன்று பின்தங்கியது. டாப்பு சாய்ந்து சுவரில் உரசியது. "மாமா, சீக்கிரம் வாங்க!" என்று அலறினார். ஓடிப்போய்த் தோள் கொடுத்தது யார்?

"மாப்ளே, நான் போட்ட ஷட்டர் எதாச்சும் கோணலா ஏறிப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல மாமா."

"எல்லாம் ஒரே பைப்புல சுத்துது, அதான். இதையும் அப்படியே சுத்த விடலாம். நீங்க ஏணிய மட்டும் புடிங்க."

அவர் ஏணியைப் பிடித்தார். சீலிங்கில் பீம் எங்கே ஓடுகிறது என்று நான் தட்டிப் பார்க்கவில்லை. கான்கிரீட்டுக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது கூடவே நின்றவனுக்கு அது தெரியாதா? பீமில் போல்ட் இறக்கி, குறுக்கே ஒரு ஷட்டர் பைப்பை மாட்டினேன். கயிறுகளுக்குப் பதில் மூலைக்கு ஒரு பெல்ட் போட்டு, நான்கையும் அந்த ஒரே பைப்பில் சுற்றவிட்டேன். ஓரத்தில் ஷட்டர் கியர். கைப்பிடியைக் கொக்கியில் மாட்டிச் சுற்றினால் டாப்பு ஏறும், கையை எடுத்தால் அப்படியே நிற்கும். டாப்பைத் தாங்கும் சட்டத்துக்கு, கீறல் விழாமலிருக்க, பழைய ஜமுக்காளத்தைச் சுற்றினேன். முதல் தடவையே தண்ணீர் ததும்பாத தட்டு மாதிரி ஏறியது.

எங்கள் தொழிலில் ஷட்டர் மாட்டியதும் அதன் அடித்தட்டில் கடைப் பெயரும் போன் நம்பரும் எழுதுவோம். அதை எழுதாதவரை வேலை முடியவில்லை என்று அர்த்தம். இதிலும் சட்டத்தின் முன்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் எழுதினேன்.

போன ஞாயிறு மாப்பிள்ளையின் கார் கிளப்காரர்கள் வந்தார்கள். காபித் தட்டோடு நான் இறங்கி வந்தபோது டாப்பு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒருவர் வாயைப் பிளந்தார். "சக்கத்தாகிதே! யாரு மாடித்து?" பிரமாதம், யார் செய்தது என்று கன்னடத்தில் கேட்கிறார்.

"நம்ம டிசைன்தான் சார்," என்றார் மாப்பிள்ளை. என்னைப் பார்த்துவிட்டு, "மாமாவும் ஹெல்ப் பண்ணாரு."

ஹெல்ப்! அண்ணாந்து பார்க்கிறேன், என் கடைப் பெயரின் மேல் கிளப் ஸ்டிக்கர்.

அவர்கள் போனதும் பிடித்துக்கொண்டேன். "மாப்ளே, எம் பேரு எங்க?"

"போட்டோ எடுத்தா கடை ஷட்டர் மாதிரி தெரியுது மாமா."

"கடை ஷட்டர்தானே அது! வேற எப்படித் தெரியும்?"

மகள் படியில் நின்றபடியே, "அப்பா, சும்னே ஒரு ஸ்டிக்கருக்குப் போய் கத்திட்டு..." என்றாள்.

"சும்னேயா? சும்மாவா அது? அந்தப் பேரையும் நம்பரையும் பாத்துத்தாம்மா எனக்கு ஆர்டர் வந்துச்சு. நீ காலேஜ் போனது அதுல. உன் வீட்டுக்காரர் கார் நிக்குற எடமும் அதுலதான் வந்துச்சு."

அவள் மேலே போய்விட்டாள். நான் கியரிலிருந்து கைப்பிடியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

இன்று காலையிலிருந்து வானம் கறுத்துக்கிடக்கிறது. கார் கீழே மொட்டையாக நிற்கிறது, டாப்பு மேலே தொங்குகிறது.

"மாமா, ஹேண்டில் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஸ்டிக்கரைப் பிய்க்கட்டும். அதே இடத்தில், அதே சிவப்பில், போன் நம்பரோடு நான் மறுபடி எழுதுவேன். அடுத்த கூட்டத்தில், அதே ஆட்கள் முன்னால், "இதைச் செய்தவர் என் மாமனார்" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். ஏணி பிடித்த பெயரை அவரே வைத்துக்கொள்ளட்டும். செய்த பெயர் எனக்கு வந்தாக வேண்டும். அதுவரை கைப்பிடி கிடையாது.