இரண்டு பக்கமும் நின்ற தளபதி

ஆறாம் ஆண்டு படித்தபோது, ஜாசின் வட்டாரத் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டியில் நான் ஒரு பிரெஞ்சுத் தளபதியைப் பற்றிப் பேசினேன். எல்லாப் பிள்ளைகளும் பேசுகிற தலைவர்கள் வேண்டாம் என்பது மாமாவின் யோசனை. அம்மாவின் தம்பியான அவரிடம் ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தில் ஒரே ஒரு தொகுதி இருந்தது. தளபதி அதில் இருந்தார்.

மாமா வந்தால் அப்பா பேப்பரை விரித்துக்கொள்வார். இருவரும் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரே தொழிற்சாலையில் இருந்தவர்கள். வேலை நேரத்தைக் கூட்டியபோது வாசலில் சேர்ந்து நின்று எதிர்த்தவர்கள். பிறகு அப்பாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். மாமா அங்கேயே சூப்பர்வைசர் ஆனார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சனிக்கிழமை மாலைகளில் மாமா படித்துச் சொல்ல நான் எழுதினேன். தளபதி ரொட்டிக்கடைக்காரர் மகன். பதினேழு வயதில் சிப்பாய். பேரரசரின் படை பனியில் பின்வாங்கியபோது கடைசி ஆளாக ஆற்றைக் கடந்தவர். பேரரசர் தோற்றதும் புது மன்னருக்குச் சத்தியம் செய்து பதவியைக் காப்பாற்றிக்கொண்டார். மறுவருடமே பேரரசர் திரும்பி வந்துவிட்டார்.

"மறுபடியும் பழைய பக்கமே போய்ட்டாரா மாமா?"

"அத விட்ரு லா. சண்டைய மட்டும் எழுதும்மா."

அப்பாவின் பேப்பர் ஒரு பக்கம் புரண்டது.

போட்டியன்று அப்பா முன்வரிசையில் இருந்தார், மாமா கடைசி வரிசையில். சண்டைகளைச் சொல்லி முடித்த பிறகும் மணி அடிக்கவில்லை. நேரத்துக்கு முன்பே இறங்கினால் புள்ளி குறையும். ஆகவே, அகராதியை வைத்து நானே படித்திருந்த மிச்சத்தையும் சொன்னேன்: தளபதி பழைய தோழர்களிடம் திரும்பிப் போனார், அவர்கள் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பேரரசர் மறுபடி தோற்றதும் தளபதிக்குப் பதவியும் போய், சொந்த ஊரில் தனியாகச் செத்தார்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. கோப்பையோடு இறங்கியபோது மாமாவைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால் பஸ் நிறுத்தத்தில் நின்றார். அப்பா என்னை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"பஸ்ஸு இன்னும் வரலயா மாப்ள?"

"வந்துரும் மச்சான்."

பஸ் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, போய்விட்டது. மாமா ஏறவில்லை. அடுத்தது வர ஒரு மணி நேரம் ஆகும். கண்ணெதிரே வந்த பஸ்ஸை இப்படி விட்டுவிட்டாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.