சித்தப்பாவைப் பார்த்துவந்த கதை

ஏழாம் வகுப்பு முடிந்த கோடையில், எங்கள் பள்ளியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் சிலரைப் பிரான்சுக்கு அழைத்துப்போனார்கள். நானும் போனேன். திரும்பும்போது விமான நிலையத்திலிருந்து வேனில் வந்தோம். ஊர் எல்லையில் பிள்ளைச்சாவடி வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

வீட்டில் இறங்கி முகம்கூடக் கழுவவில்லை, அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பின் தினமும் யாராவது வந்தார்கள். பகலெல்லாம் கண் சொக்கும். அம்மா தோளைத் தட்டி எழுப்பி முதலிலிருந்து சொல்லவைப்பாள். இரும்புக் கோபுரம், ரயில், சீஸ் நாற்றம். சொல்லிச் சொல்லி, அங்கே போனது நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லோரும் கடைசியில் கேட்பது சித்தப்பாவைப் பற்றித்தான். அம்மாவின் தங்கையைக் கட்டியவர், பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். கல்யாணமானதும் பிரான்சுக்குப் போய்விட்டார். பேப்பர் சரியானதும் கூட்டிக்கொள்கிறேன் என்றவர், நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை வந்துபோனார். சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்து மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்தாள். என்னைவிட நன்றாகப் பேசுவாள். அவருக்காக வடகம் போட்டு என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

அரியாங்குப்பத்திலிருந்து பெரியம்மா வந்த அன்று, பழைய கதையையே சொல்ல அலுப்பாக இருந்தது. அதனால் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"வடகம் வாங்கிக்க சித்தப்பா கார்ல வந்தாரு பெரிம்மா. பின் சீட்ல ஒரு குட்டிப் பொண்ணு. கூட்டாளியோட பொண்ணாம், பாத்துக்கச் சொல்லி உட்டுட்டுப் போயிருக்காராம். எங்க ரெண்டு பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாரு. அந்தப் பொண்ணு கீழ வுழுந்துட்டு, சித்தப்பாகிட்ட கைய நீட்டி, 'பாப்பா, பாப்பா'ன்னு அழுவுது. அதுவே ஒரு பாப்பா. அது அவரப் போயி பாப்பாங்குது."

பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். இருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. என் பாடப்புத்தகத்தில் அப்பாவுக்குப் பிரெஞ்சுச் சொல் 'பேர்' என்றுதான் போட்டிருந்தது; பிள்ளைகள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அதில் இல்லை. அங்கே நான் தங்கிய வீட்டிலும் வயதான கணவன் மனைவி மட்டும்தான், குழந்தைகள் கிடையாது.

சித்தி சிரிக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "எத்தினி வயசு இருக்கும் அதுக்கு?"

"ரெண்டு, ரெண்டர இருக்கும்."

"அவரு இன்னா பண்ணாரு?"

"தூக்கி வச்சிக்கிட்டாரு சித்தி. ஒடனே அழுகைய நிறுத்திடுச்சி."

மீதித் துணியை அப்படியே விட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பின்னாலேயே அம்மா போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெகுநேரம் கழித்து வெளியே வந்த அம்மாவின் முகம் வீங்கியிருந்தது. பெரியம்மா காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப்போனாள்.

அடுத்த வாரம் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவின் பெற்றோரைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து, போட்ட சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி மாலை வகுப்பை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அதன்பின் யாரும் என்னிடம் பிரான்சைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டார் ஆரம்பித்தாலும் அம்மா வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் சலித்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டு, பகலில் நிம்மதியாகத் தூங்கினேன்.