லூர்துமேரியும் காவடிப்புழுவும்

எங்கள் நிலத்துக்குப் பக்கத்துக் கொல்லிக்காரி லூர்துமேரி ஒன்றை நினைத்துவிட்டால் விடமாட்டாள். அவள் புருஷன் இருதயநாதன் அவளிடம் வாதாடி ஜெயித்ததை நாங்கள் பார்த்ததில்லை.

யுத்த காலம். செஞ்சிக் கடைத்தெருவில் மண்ணெண்ணெயும் இல்லை, மெழுகுவர்த்தியும் இல்லை. செத்தவர்களுக்கு விளக்கேற்றும் அந்தக் கல்லறைத் திருநாளில், காய்ச்சலில் போன அவள் மகள் மரியசெல்வியின் குழிமேடு இருட்டில் கிடந்தது.

"என் கொல்லியில வெளையுற கொட்டமுத்துல எண்ணெய் எடுத்து நானே வெளக்கு வெப்பேன்" என்றாள் லூர்துமேரி.

அப்போதெல்லாம் சாயங்காலமானால் அவள் வீட்டுச் சுவரில் மண் நிற இறக்கையோடு ஒரு பூச்சி வந்து உட்காரும். இறந்தவர்கள் அப்படி வருவார்கள் என்பது எங்கள் பேச்சு. "செல்வி வந்துட்டா" என்பாள். யாரையும் தொட விடமாட்டாள்.

ஆடியில் கடலைக் கொல்லி ஓரமாகக் கொட்டமுத்துக்காக ஆமணக்கு ஊன்றினாள். புரட்டாசியில் காவடிப்புழு இறங்கியது. கருந்தலை, சாம்பல் உடம்பு. முதுகைக் காவடிபோல் வளைத்து வளைத்து நடக்கும். நரம்பை மட்டும் விட்டு இலையைத் தின்றது. பொறுக்கிப் பொறுக்கிக் கொன்றாள், மறுபடி வந்தது.

"மானத்துல மேகம் மூடுனா புழு எறங்கத்தான் செய்யும். செடியப் புடுங்கிப் போட்டுடு" என்றான் இருதயநாதன்.

"எங்கேருந்து எறங்குதுன்னு பாத்துட்டுதான் விடுவேன்."

கொழுத்த புழுக்களை இலையோடு பானையில் போட்டுத் துணியால் வாயைக் கட்டினாள். அவை தின்று தீர்த்து, இலையைச் சுருட்டி உள்ளே புகுந்து, பழுப்புக் கூடாகி அசையாமல் கிடந்தன. ஒரு காலையில் துணிக்குள் படபடப்பு. அவிழ்த்தாள். மண் நிறப் பூச்சி. மேல் இறக்கையை விரித்ததும் உள் இறக்கை கறுப்பாக, வெள்ளைப் பட்டையும் பொட்டுமாகத் தெரிந்தது.

சுவரில் வந்து உட்காரும் அதே பூச்சி. லூர்துமேரி பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இப்ப இன்னா பண்ணப் போற?" மெதுவாகக் கேட்டான் இருதயநாதன்.

"இது என் பொண்ணு இல்ல. என் பொண்ணு அங்க இருட்டுல கெடக்குறா." பூச்சியை நசுக்கினாள்.

அன்றிலிருந்து விடிந்ததும் இலை இலையாகத் திருப்பி, கடுகிலும் சிறிய பச்சை முட்டைகளை நகத்தால் நசுக்கினாள். சாயங்காலம் சுவருக்கு வரும் பூச்சியை விளக்குமாற்றால் அடித்தாள். "பெத்த வயிறா இது?" என்றார்கள் ஊர்ப் பெண்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தையில் முத்து வெடித்தது. வறுத்து, இடித்து, காய்ச்சி எண்ணெய் எடுத்து வைத்தாள். அடுத்த கல்லறைத் திருநாளில் மரியசெல்வியின் தலைமாட்டில் அகல் எரிந்தது. எங்கிருந்தோ ஒரு பூச்சி வந்து சுடரைச் சுற்றியது. கறுப்பு இறக்கை, வெள்ளைப் பொட்டு. பெண்கள் சிலுவை வரைந்துகொண்டார்கள்.

லூர்துமேரி ஒரே பிடியில் அதைப் பிடித்து நசுக்கினாள்.

"வெளக்கு அணைஞ்சிடும்" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அகலில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள்.